நீலப் பட்டன்

மளிகைப் பட்டியல் போடும் செயலி ஒன்றைத் தனியாளாக உருவாக்கினேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். எழுதியது ஏஐ, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தது நான். வாங்கியவர்கள் பதினோரு பேர், அதில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். நான் கேட்காமலேயே செயலியின் மூலையில் ஏஐ ஒரு நீலப் பட்டனை வைத்திருந்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அது என் கண்ணில் படவே ஒரு வருடம் ஆனது. வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன். மறுநாளே, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் செண்பகவல்லி என்பவரிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணா, நீலப் பட்டன் எங்கே? அது இல்லேன்னா எனக்கு இந்த ஆப்பே வேண்டாம்." "அது எதுவுமே செய்யாதேம்மா" என்று பதில் போட்டேன். "தெரியும்ண்ணா. கடையில நாள் பூரா ஆளாளுக்கு எதையாவது கேட்பாங்க. போனைத் தொட்டா அதுவும் எதையாவது கேட்குது. இது ஒண்ணுதான் அமுக்கினா பேசாம இருக்கும்." பட்டனைத் திரும்ப வைக்கும்படி ஏஐயிடம் சொன்னேன். "அழுத்தினால் என்ன நடக்க வேண்டும்?" என்று கேட்டது. "ஒன்றும் வேண்டாம்." "ஒரு நன்றிச் செய்தியாவது?" "ஐயா சாமி, சும்மா விடு" என்று தட்டினேன். பட்டன் வந்தது. சரிபார்க்கத்தான் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன்.