இங்கே அழுத்தவும்

"துரோகம் மாமா, பச்சைத் துரோகம்!"

மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மச்சினர் முதலாளியின் அறைக்குள் பாய்ந்தார். பின்னாலேயே லிங்க் அக்காவுக்கும் அழைப்பு வந்தது.

லிங்க் அக்கா என்பது அந்தக் கட்டில் கடையில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். கடையின் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதுவது அவள் வேலை. எழுதிவிட்டு, நடுநடுவே சில வார்த்தைகளில் லிங்க் கொடுப்பாள். அதைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும். தேடுபொறியிடம் அதுதான் சிபாரிசு. அப்படிச் சிபாரிசு செய்து செய்தே, யாரும் சீண்டாமல் கிடந்த கடையைத் தேடலில் முதல் பக்கத்துக்கு இழுத்து வந்திருந்தாள்.

"இதைப் பாருங்க மாமா. நம்ம தளம், நம்ம கட்டுரை. உள்ள ஒரு லிங்க். அழுத்தினா எங்க போகுது தெரியுமா? உங்க தம்பியோட மெத்தைக் கடைக்கு!"

கட்டில் அண்ணனுக்கு, மெத்தை தம்பிக்கு என்று சண்டை போட்டுப் பிரிந்ததிலிருந்து அந்தக் கடையில் 'மெத்தை' கெட்ட வார்த்தை. கட்டுரையில்கூட 'கட்டிலின் மேல் விரிப்பது' என்றுதான் லிங்க் அக்கா எழுத வேண்டும். மச்சினர் போட்ட உத்தரவு. முதலாளியும் தலையாட்டியிருந்தார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் முதலாளி.

"ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணி நன்றி சொல்றார் மாமா! உங்க புண்ணியத்துல நல்ல மெத்தை கிடைச்சுதாம். கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்த மனுஷன், தானா இழுத்து மூடியிருப்பார். நாம ஆள் அனுப்பி வாழ வைக்கிறோம்!"

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. மேஜையை ஓங்கித் தட்டினார்.

"யார் பார்த்த வேலை இது? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

"வேற யாரு? இவங்கதான். நம்ம உப்பைத் தின்னுட்டு அவருக்கு வேலை பார்க்கிறாங்க. இன்னிக்கே அனுப்பிடுங்க."

லிங்க் அக்கா பதறி முன்னால் வந்தாள். வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. "சார், சத்தியமா நான்..." என்று ஆரம்பித்தபடியே குனிந்து திரையைப் பார்த்தாள்.

'கட்டில் வாங்கியாச்சா? அதன் மேல் விரிப்பது வாங்க இங்கே போங்க.'

லிங்க் இருந்தது 'இங்கே' என்ற வார்த்தையில்.

அவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

லிங்க் கொடுப்பதில் அவளுக்கு ஒரே ஒரு வேதம்தான். 'இங்கே'யில் கொடுக்கக் கூடாது. உலகத்தில் யாரும் 'இங்கே' என்று தேடுவதில்லை. தேக்குக் கட்டிலுக்கு லிங்க் என்றால் 'தேக்குக் கட்டில்' என்ற வார்த்தையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதைத் தேடுகிறவர் கண்ணில் படும். இது அந்த ஆபீசில் ஒரே ஒரு ஆளின் மண்டையில் மட்டும் ஏறவே இல்லை. ஆசை ஆசையாகப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டவர், "அதெப்படிம்மா? கடைக்காரன்னா 'இங்கே வாங்க, இங்கே வாங்க'ன்னுதானே கூப்பிடுவான்?" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமான கண்ணாடியை எவ்வளவு நேரம்தான் துடைப்பார் ஒரு மனுஷன்?

"நான்தான் சார்" என்றாள் லிங்க் அக்கா. "கவனிக்காம போட்டுட்டேன். மன்னிச்சுடுங்க."

"பார்த்தீங்களா, ஒப்புக்கிட்டாங்க! அனுப்புங்க மாமா!"

"அனுப்பிட்டு? நம்ம கடையை முதல் பக்கத்துல யார் நிறுத்துவா, உங்க அக்காவா?"

மச்சினர் கொஞ்சம் அடங்கினார். அவர் முழுசாக அடங்க வேண்டுமே என்று முதலாளி லிங்க் அக்காவின் பக்கம் திரும்பி இன்னும் இரண்டு பங்கு கத்தினார்.

"இதோ பாரும்மா, இன்னொரு தடவை இப்படி நடந்தா சீட்டு கிழிஞ்சிடும்! அந்த லிங்க்கை இப்பவே எடுக்கணும்!"

வெளியே கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எழுந்து நின்றுவிட்டார்.

லிங்க் அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. திருட்டுத்தனமாகத் தம்பிக்கு ஆள் அனுப்பத் தெரிகிறது, அதை மச்சினரிடம் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. நடுவில் திட்டு வாங்க அவள்! விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போய், சொன்ன வேலையை உடனே செய்தாள்.

மச்சினர் டீ குடிக்கக் கிளம்பியதும் முதலாளி பூனை மாதிரி அவள் மேஜைக்கு வந்தார். இருமினார். காலண்டரைப் பார்த்தார். மறுபடியும் இருமினார்.

"எடுத்துட்டியாம்மா?"

"எடுத்துட்டேன் சார்."

"ஓ... நல்லது. நல்லது." முகம் தொங்கிப்போனது. "சின்ன வயசுல ராத்திரி பயந்துக்கிட்டு என் கட்டில்லதான் வந்து படுப்பான் அவன். கட்டில் முழுக்க அவனே அடைச்சுப்பான். நான் ஓரத்துல சுருண்டுப்பேன்" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"சார்" என்றாள் லிங்க் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எடுத்தது 'இங்கே'யிலேர்ந்து மட்டும்தான். அதுல போட்டா உங்க தம்பி கடை என்னிக்கு சார் மேல ஏறும்? கட்டிலைத் துடைக்கிறது எப்படின்னு ஒரு கட்டுரை இருக்கு, உங்க மச்சினர் ஜென்மத்துக்கும் அதைப் படிக்க மாட்டார். அதுல 'மெத்தை'ன்னு தைரியமா எழுதி, அந்த வார்த்தையிலயே போட்டுட்டேன்."