மடித்து வைத்த கடைசி வரி

அவள் பதினோராவது ஆளை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

இன்னும் இருபத்தாறு பேர். மணி இரண்டேகால்.

உப்பளத் தெரு தூங்கும் நேரம். விடியுமுன்னே அளத்துக்குப் போய் உப்பு வாரியவர்கள், சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டியிருந்தார்கள்.

"சொர்ணக்கா! எந்திரிங்க. ரேஷன் கார்டை எடுத்துக்கிட்டு வாங்க. தாலுகா ஆபீஸுக்குப் போகணும்."

கதவு பாதி திறந்தது.

"என்னட்டி மதி? யாரு செத்தா?"

"யாரும் சாகல. நீங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டதா எழுதிக் குடுத்திருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள நேர்ல போய் நிக்கலன்னா இந்தத் தடவை ஓட்டு கிடையாது."

"நான் போயிட்டேனா? அப்ப இங்க படுத்துக் கெடந்தது எவ? எந்தப் பயட்டி எழுதிக் குடுத்தான்?"

கலைமதி கையிலிருந்த கட்டில் சொர்ணத்தின் பெயரைத் தேடினாள். நோட்டீஸை நீட்டினாள்.

முப்பத்தேழு நோட்டீஸிலும் கடைசி வரி உள்ளே போகும்படி மடித்திருந்தாள்.

நகத்தால் அழுத்திய மடிப்பு.

தெருவில் கொடுக்கச் சொல்லி, தாலுகா ஆபீஸிலிருந்து காலையில்தான் அந்தக் கட்டு அவள் கைக்கு வந்தது. அவள் எதிர்க்கட்சியின் பூத் ஏஜென்ட்.

"இந்தத் தடவை மேடை கிடையாது, மைக் கிடையாது" என்று மாவட்டச் செயலாளர் சொல்லியிருந்தார். "ஆளுங்கட்சிக்காரன் லிஸ்ட்ல பேரை அழிப்பான். நாம பேரைக் காப்பாத்துவோம். நமக்குப் போடாதவன் பேரா இருந்தாலும் காப்பாத்துவோம். பேர் இருந்தாத்தான் ஓட்டு. நாம காப்பாத்தின பேரு நம்மள மறக்காது."

எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அந்தக் கையில்தான் இப்போது இந்தக் கட்டு.

டீக்கடை வாசலில் லிங்கதுரை உட்கார்ந்திருந்தார். போன மாதம் வரை அவளுடைய கட்சியின் கிளைச் செயலாளர். நாற்காலி, கொடிக்கம்பு, கட்சி ஆபீஸ் அலமாரியில் இருந்த காகிதக் கட்டு, எல்லாவற்றோடும் ஆளுங்கட்சிக்குப் போனவர்.

"வெயில்ல எதுக்கு அலையுத தங்கச்சி?"

அவள் நின்றாள்.

"தலைவலின்னு வீட்டுல போய்ப் படு. ஒனக்குத்தான் நல்லது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

படுத்துவிடலாம். அவர் சொன்னது உண்மை. இந்தத் தெருவில் யாரும் கேட்கப் போவதில்லை. தேர்தல் அன்று பூத் வாசலில் பெயர் இல்லை என்பார்கள். நாலு பேர் சத்தம் போடுவார்கள். அப்புறம் அளத்துக்குப் போய்விடுவார்கள்.

வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள். வேறு யாரும் இல்லை.

கலைமதி அடுத்த கதவைத் தட்டினாள்.

உப்பு மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி. இரண்டு நடை. இரண்டாவது நடையில் அவள் பின்னால் நின்றுகொண்டே வந்தாள். பாதி வழியில் இறங்கி ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

நாலு முப்பத்தைந்துக்கு எல்லாரும் தாலுகா ஆபீஸ் அறையில், தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

உப்பு வெடித்த பாதங்கள். பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டுகள். ஒருவரும் ஊரை விட்டுப் போயிருக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே லிங்கதுரை. பைக்கில் வந்திருந்தார்.

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒவ்வொருத்தரா விசாரிச்சா ராத்திரி ஆயிடும். அஞ்சு மணிக்கு ஃபைலை மூடணும். ஆர்டர் அப்படி."

"அப்ப எங்க ஓட்டு?"

"எல்லாம் ஒரே ஆள் குடுத்த ஆட்சேபணை. அந்த ஆள் வந்து தப்புன்னு எழுதிக் குடுத்தா, அஞ்சு நிமிஷத்துல முப்பத்தேழு ஆட்சேபணையையும் தள்ளுபடி பண்ணிடலாம். வந்திருக்காங்களா?"

எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

சொர்ணம் கலைமதியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். வண்டியில் ஏறியதிலிருந்தே விடவில்லை.

"வரட்டும் அந்த நாய். செருப்பு பிஞ்சிரும். நீ பயப்படாத மதி. நாங்க இருக்கோம்லா."

பொய்யான தகவல் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. அந்த நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறது. அவள் காலையில் ஒன்பது முறை படித்திருந்தாள்.

அதிகாரி மேஜையில் இருந்த தாள் ஒன்றை எடுத்தார். அது மடிக்காத தாள்.

கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்.

"ஆட்சேபணை தெரிவித்தவர், கா. கலைமதி."

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கட்சிக் கூட்டம். லிங்கதுரை ஒரு கட்டு வெற்றுப் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வை தங்கச்சி, தேவைப்படும்போது நிரப்பிக்கலாம், எல்லா பூத்துலயும் அப்படித்தான் போட்டு வைக்காங்க என்றார். எது எதற்கான படிவம் என்று அவள் பார்க்கவில்லை. டீ ஆறுவதற்குள் அத்தனையிலும் போட்டு முடித்தாள். கட்டு அலமாரிக்குப் போனது.

எழுதியது யாரோ.

கையெழுத்து அசல்.

மணி நாலு நாற்பத்தொன்று.

சொர்ணம் அவள் காதருகே குனிந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"இங்க பாரேன். ஒம் பேருதாம்ட்டி அவளுக்கும்."

கலைமதி தன் கையை அந்தப் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள்.

எழுந்து நின்றாள்.