முதல் வரிசை

மேடையில் புகை கிளம்பியதும் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டேன். புகை பட்டால் எனக்குச் சேர்ந்தாற்போல் மூன்று தும்மல் வரும். பக்கத்து வீடு வரை கேட்கும்.

“எழுபது வயசுலயும் இந்த மனுஷனுக்குக் குரல் கொஞ்சமும் மாறலையே!” என்றாள் மனைவி.

“எங்க ஆளுன்னா சும்மாவா?” என்றேன், ஏதோ நானே பாடுவதுபோல.

முப்பது வருஷமாக இந்த ராக் இசைக்குழுதான் எனக்கு உயிர். அவர்களுடைய பழைய பதிவுகளெல்லாம் தீயில் போய்விட்டதாகப் போன வருஷம் செய்தி வந்தது. மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு இதே முதல் வரிசையில் உட்கார்ந்து நான் பதிவு செய்த கேசட்டைப் பாடகருக்கே அனுப்பிவிட்டேன். அவர் எழுதிய நன்றிக் கடிதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது.

எனக்குப் பிடித்த பாட்டு வந்தது. பாடகர் கண்ணை மூடி உச்சத்தைத் தொட்டபோது, அரங்கமே அதிரும்படி ஒரு தும்மல்.

மனைவி தொடையில் கிள்ளினாள். “கொஞ்சம் அடக்கக் கூடாதா? மானம் போகுது!”

“நான் தும்மலைடி.”

“உங்க தும்மல் எனக்குத் தெரியாதா?”

கைக்குட்டையை எடுத்து முகத்தைக் காட்டினேன். அப்போதே இரண்டாவது தும்மல் கேட்டது, மேடையின் ஒலிபெருக்கிகளிலிருந்து.

அவள் கிள்ளிய கையை மெதுவாக எடுத்தாள். “அப்ப இது?”

“முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் தும்மினது.”

மேடையில் பாடகர் இன்னும் கண்ணைத் திறக்காமல் உருகிக்கொண்டிருந்தார்.

நான் மூன்றாவது தும்மலுக்காகக் காத்திருந்தேன்.