ஒற்றை விரல்

டிராக்டர் ஸ்டியரிங்கை இவன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

எதிரே ஃபின்டனின் கார்.

அயர்லாந்தின் அந்த மேற்கு மூலையில், குறுகலான பாதையில் வண்டிகள் எதிர்ப்பட்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். ஒற்றை விரல்தான் வணக்கம். முழுக் கையையும் அசைப்பது அசலூர்க்காரர்களுக்கு. விரலே எழவில்லை என்றால் வீட்டில் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது.

இன்றைக்காவது ஃபின்டன் விரல் தூக்காமல் போகட்டும், கடவுளே.

போன வருஷம்வரை பக்கத்து நிலத்தில் மாடு கறந்தவன் ஃபின்டன். இப்போது டப்ளினில் நாடாளுமன்ற உறுப்பினர்.

போன வருஷம் நடந்த பால் விலைக் கூட்டத்தில் மைக் முதலில் வந்தது இவன் கைக்குத்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “நீ பேசுடா” என்று பக்கத்திலிருந்த ஃபின்டனிடம் தள்ளிவிட்டான். அந்தப் பேச்சுதான் ஃபின்டனைத் தேர்தல்வரை கொண்டுபோனது.

தள்ளிவிட்டது மைக்கையா, தலையெழுத்தையா?

அன்றிலிருந்து வயிறு எரிகிறது. மாட்டுக்கொட்டகை ரேடியோவில் ஃபின்டனின் குரல் கேட்டால் உடனே அணைத்துவிடுகிறான்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இந்தப் பாவி மழையில்கூடப் பிடிக்க மாட்டேன் என்கிறானே! கொஞ்சம் தலைக்கனம் காட்டினால் மதுக்கடையில் சொல்லித் திட்டலாம். அதற்கும் வழியில்லை.

கார் நெருங்கியது.

ஃபின்டனின் விரல் எழுந்தது. எப்போதும்போல.

இவன் தூக்கவில்லை.

கார் கடந்து போய், நின்று, ரிவர்ஸில் டிராக்டர் பக்கம் வந்தது. ஃபின்டன் தூறலில் இறங்கி ஓடிவந்தான். பளபளத்த ஷூ சாணியில் புதைந்தது. முகம் வெளுத்திருந்தது.

“என்னடா ஆச்சு? வீட்ல யாருக்காவது ஏதாவதா?”

உன்மேல் பொறாமை என்று எந்த வாயால் சொல்வது?

“பசு செத்துப்போச்சு.”

“எது?”

எதையாவது சொல்லியாக வேண்டும்.

“பிரிஜி.”

ஃபின்டன் டிராக்டர் சக்கரத்தில் கைவைத்து நின்றுவிட்டான். பிரிஜி பிறந்தபோது, தாயின் வயிற்றிலிருந்து கால் இரண்டையும் கயிறு கட்டி இழுத்துப்போட்டவனே அவன்தான். விடியும்வரை கன்றுக்கு வைக்கோலால் உடம்பு தேய்த்துவிட்டவனும் அவன்தான்.

“டப்ளின் கிடக்கட்டும். நானும் வரேன், வா.”

கோட்டைக் கழற்றத் தொடங்கினான். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரைப் பார்த்தும் இவனுக்கு எரிச்சல்தான் வந்தது. நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே!

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பசு கத்தியது.

ஃபின்டன் திரும்பினான். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, வாயில் புல்லோடு, பிரிஜி நின்றுகொண்டிருந்தது.

ஃபின்டன் பசுவைப் பார்த்தான். பிறகு இவனைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

பாதி கழற்றிய கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டான். காரில் ஏறினான்.

கார் டிராக்டரைக் கடக்கும்போது இவன் முந்திக்கொண்டு விரலைத் தூக்கினான்.

ஃபின்டன் பதில் வணக்கம் சொன்னான். தேர்தல் சுவரொட்டியில் இருந்த அதே சிரிப்போடு, ஐந்து விரலையும் விரித்து, முழுக் கையையும் அசைத்துவிட்டுப் போனான்.