ஒன்பது கோட்டு முந்தானை

ஏஜென்ட் ராபர்ட், நெசவாளி கிருபாகரனிடம் வெளிநாட்டு வேலைப் பர்மிட் அட்டைகள் இரண்டை நீட்டினார்.

“உங்களுக்கு அந்த ஒரு கம்பெனில மட்டும்தாங்க வேலை. உங்க வீட்டம்மா எங்க வேணா செய்யலாம். ஜல்தி டிக்கெட் போடுங்க.”

“அவ செத்து ஏழு மாசமாவுதுங்க. சர்டிபிகேட் குடுத்தேனே.”

“இன்னாங்க பேஜாரு. போன வாரம் அவங்கதான வந்து போட்டோ குடுத்தாங்க?”

இரண்டாவது அட்டையின் படத்தில் அவன் மனைவி ஹெப்சிபாதான் இருந்தாள். தோளில் ஊதாப் பட்டு, முந்தானையில் ஒன்பது ஜரிகைக் கோடுகள். அந்தச் சேலை அவன் வீட்டுத் தறியில் இருந்தது. அவள் போன பிறகு தொடங்கியது. முந்தானை மட்டும் பாக்கி. எத்தனை கோடு போடுவது என்று அவன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் அட்டையைத் தறியில் செருகிவைத்தான். பார்த்துப் பார்த்து ஒன்பது கோடுகளையும் நெய்தான். சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்து மடித்தான். பிறகு ராபர்ட்டுக்கு போன் செய்து, இரண்டு டிக்கெட் போடச் சொன்னான்.