குதிரை வேண்டாம்

"குதிரையைக் கட்டிப் போட்டுட்டு இவன் ஏண்டா நடந்து போறான்?"

செருப்பைக் கழற்றியபடியே அக்கா கேட்டாள். ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கைப்பை இன்னும் தோளிலேயே தொங்கியது.

தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குடோனில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவன். கண்கள் சிவந்திருந்தன. கையில் ஜாய்ஸ்டிக்.

"குதிரையில போனா ஊர் கண்ணுல படாதுக்கா. இஷ்டத்துக்கு எங்க வேணா சுத்தற ஓப்பன் வேர்ல்டு கேம்னா நடந்துதான் பார்க்கணும்."

"மேப்ல அமுக்கினா நேரா அந்த இடத்துலயே போய் இறங்கலாம்னு நீதானே சொன்னே?"

"அது சோம்பேறிங்களுக்கு. அப்படிப் போறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஊரைக் கட்டி வெச்சிருக்கான்?"

அக்கா சுவரோரம் திரும்பினாள். சக்கர நாற்காலியில் அப்பா. இடுப்பிலிருந்து தரை வரைக்கும் கம்பளி. மகளின் குரல் கேட்டதுமே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

திரையில் நடந்துகொண்டிருந்தவனும் ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டான்.

"ராஜா கூப்பிட்டு, உலகம் அழியப் போகுதுன்னு கையில வாளைக் கொடுத்து அனுப்பினான். நீ என்னடான்னா வீடு வீடா எட்டிப் பார்த்துட்டிருக்கே."

"ராஜா காத்திருப்பான். நாம போய்ச் சேர்ற வரைக்கும் உலகம் அழியாது. இந்த மாதிரி கேம்ல அதான் வசதி."

"நல்லா வாய் பேசு."

"நிஜமாத்தான்க்கா. ரோல் பிளேயிங்னா வேஷம் கட்டறது. வாளைக் கொடுத்துட்டா உடனே சண்டைக்காரனா ஆகணுமா? என் ஆளு நடக்கிறவன். இந்தத் தெருவுல இன்னும் ஒரு வீடு பாக்கி. அதை விட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போகக் கூடாது."

அக்காவுக்கு அலுப்பாக இருந்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"டேய், பிசியோதெரபிஸ்ட் என்ன சொன்னாங்க? இந்த மாசத்துக்குள்ள கால்ல அசைவு வரலைன்னா அப்புறம் இந்தச் சக்கர நாற்காலிதான், வேற வழியில்லைன்னாங்க. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"தெருத்தெருவா நடந்து கரண்ட் மீட்டர் பார்த்த மனுஷன்டா. நானும் உட்கார்ந்தபடியே மிதிக்கிற பெடலை வாங்கிட்டு வந்து, காலைத் தூக்கி வெச்சு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பார்த்துட்டேன். ஏழு வரும்போது கண்ணை மூடிக்கிறாரு. என்கிட்டன்னா அவருக்குப் பிடிவாதம். நீயாவது பகல்ல கூட இருக்கியே, மிதிக்க வைப்பேன்னு நினைச்சேன். அந்தப் பெடல் எங்க, கட்டிலுக்கு அடியில தூசி தின்னுட்டுக் கிடக்கா?"

"இங்கதான் எங்கயாவது இருக்கும்."

அந்தப் பதில்தான் அவளை எழுப்பியது. நேரே போய் கேம் பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் வயரைப் பிடுங்கினாள். டிவி இருண்டது.

"அப்பா எழுந்து நிக்கிற அன்னைக்கு இதைத் திருப்பித் தரேன்."

தம்பி கோபப்படுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒரு நீளமான கொட்டாவி விட்டான்.

"எடுத்துக்கோக்கா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கோ."

"அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

"போடு."

அப்பாவின் குரல். பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுதாக ஒரு சொல் வருவதே அபூர்வம்.

"கடைசி வீடு... பார்க்கல. போடு."

சொன்ன வேகத்தில் கம்பளி மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

கீழே பெடல் இருந்தது. பாதங்கள் இரண்டும் துணிப்பட்டையால் அதில் கட்டப்பட்டிருந்தன. இடது கால் மெதுவாகவும் வலது கால் தயங்கித் தயங்கியும் மிதித்துக்கொண்டிருந்தன.

அக்கா வயரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அவர் மிதிச்சா நான் அந்த ஆளை நடக்க விடுவேன். நிறுத்தினா நின்னுடுவான்," என்றான் தம்பி. "அதான் எங்க ஒப்பந்தம்."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு அவர்தான். அவ பக்கத்துல வந்து நின்னு எண்ணுவான்னு சைகையிலயே காட்டினாரு."

அவள் குனிந்து வயரைச் செருகினாள். டிவி வெளிச்சமானது. வாசலில் நின்றவன் தெருவில் இறங்கினான். ஒவ்வொரு அடியாக நடந்தான். அக்காவின் உதடு தானாக அசையத் தொடங்கியது. ஒண்ணு, ரெண்டு...

பெடல் நின்றது. திரையில் அவனும் நின்றான்.

"அக்கா," என்றான் தம்பி.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கம்பளியை எடுத்து மடித்து வைத்தாள். கைப்பையைக் கழற்றிவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பெடல் மறுபடி சுற்றியது.

"அந்த விதியெல்லாம்? குதிரை வேண்டாம், வீடு ஒண்ணையும் விடக் கூடாது..."

"அப்பாவோடது. குதிரை ஏறினா முறைக்கிறாரு."

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. அப்பா கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்.

"பாவம்டா நீ. தூக்கத்தை விட்டு, உனக்குப் பிடிச்ச கேமை இப்படி ஆமை மாதிரி விளையாடிட்டு..."

"எனக்கு இது எங்க பிடிச்சதுக்கா?" சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டான் தம்பி. "எனக்குப் பிடிச்சது கார் ரேஸ். அந்த வேகத்துக்கு அப்பாவோட கால் வரட்டும்னு காத்துட்டிருக்கேன்."