பிளேடு பிடித்த கை

பாக்கியரத்தினத்தின் கையில் பிளேடு இருந்தது. கரையிலிருந்த மீன்வாடிக் குடிசையின் ஓலைக் கிடுகை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த சின்னராசாவுக்கு அது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"வந்திட்டியோ? வா ராசா, வா," என்று பல்லுக்குள் முணுமுணுத்தார்.

சாம்பல்தீவுக் கரையில் ஒரு குஞ்சுகுருமன் இல்லை. வெள்ளிக்கிழமை, எவனும் கடலுக்குப் போகவில்லை. மரக்கறிச் சோறு தின்றுவிட்டு ஊரே படுக்கிற நேரம். கெட்ட வேலை செய்கிறவனுக்கு இதைவிட நல்ல நேரம் எங்கே கிடைக்கும்?

மூன்று தடவை நடந்துவிட்டது. மகன் பிரகலாதனின் படகு காற்றடிக்கிற ரப்பர் படகு. நிலாவெளியில் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கிய பழசு, வாங்கி ஒன்றரை மாதம்தான். மூன்று தடவையும் இடப்பக்கக் குழாயின் ஒட்டு விட்டது. மூன்று தடவையும் சனிக்கிழமை.

முதல் இரண்டு தடவை கரைக்குக் கிட்ட. போன கிழமை இரண்டு மைல் வெளியே வைத்துக் காற்றுப் போய்விட்டது. மற்றக் குழாயைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்தவனை வேறொரு வள்ளக்காரன் கண்டு இழுத்து வந்தான். மருமகள் கீர்த்தனிக்கு ஏழு மாதம். அவள் அன்றைக்கு அழுத அழுகை சின்னராசாவின் காதுக்குள் இன்னும் கிடக்கிறது.

"கல்லில உரசியிருக்கும் மாமா," என்றாள் அவள் பிறகு.

சின்னராசா நம்பவில்லை. சவர்க்காரத் தண்ணியைத் தெளித்துப் பார்த்தார். ஒட்டு நெடுக நுரை வரிசையாகக் கிளம்பியது. கல்லோ முள்ளோ கிழித்தால் கோணல்மாணலாக அல்லவா இருக்கும்? இது அடிமட்டம் வைத்துக் கீறினமாதிரி நேர்க்கோடு. மனுசன் செய்த வேலை. அதுவும் படகு கரையில் சும்மா கிடக்கிற வெள்ளிக்கிழமை செய்த வேலை.

ஆள் யாரென்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. இந்தப் படகை முதலில் கேட்டவன் பாக்கியரத்தினம். பிரகலாதன் முந்திக்கொண்டான். அதற்குப் பிறகு பாக்கியரத்தினம் வலிய வந்து, "அண்ணை, மத்தியான வெயிலுக்குக் காத்து விரியும், கொஞ்சம் இளக்கிவிடச் சொல்லுங்கோ," என்று புத்தி சொன்னான். கேளாமல் புத்தி சொல்கிறவனை எப்படி நம்புவது?

அதனால்தான் இன்றைக்கு, மகன் எழும்பமுதல் கரைக்கு வந்தார். நாற்பது வருஷம் மரவள்ளம் வைத்திருந்த மனுசன், வந்த கையோடு வழக்கமான வெள்ளிக்கிழமை வேலையை முடித்தார். சுறா எண்ணெயில் மண்ணெண்ணெயை விட்டு, சீலைத்துண்டால் படகு முழுக்கத் தேய்த்தார். வெயிலுக்கு வெடிக்காமல் இருக்கட்டும். நோப்பட்ட இடப்பக்கத்துக்கு இன்னும் இரண்டு கை கூட. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாடிக்குள் புகுந்தவர்தான். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

இப்போது பாக்கியரத்தினம் அந்த இடப்பக்கத்தில்தான் குந்தினான். விரலால் ஒட்டைத் தடவினான். பிளேடை உள்ளே விட்டான்.

சின்னராசா துடுப்போடு பாய்ந்தார். "டேய்! எடடா கைய! என்ர பிள்ளையைக் கொல்லவோ பாக்கிறாய்?"

பாக்கியரத்தினம் எழும்பவில்லை. "துடுப்பைக் கீழ வையுங்கோ அண்ணை. நான் வெட்டேல்லை, சுரண்டுறன்."

"சுரண்டுறியோ? இதென்ன, சோத்துச் சட்டியோ?"

சத்தம் கேட்டுப் பிரகலாதன் ஓடிவந்தான். அவன் கையில் பசை டின்னும் ரப்பர்த் துண்டும் இருந்தன.

"அப்பா, விடுங்கோ! நான்தான் அவரைக் கூப்பிட்டனான். வெள்ளைக்காரரைக் கடலுக்கடியில சுழியோடக் கூட்டிப்போற கடையில அஞ்சு வருசம் இந்தமாதிரிப் படகுகள ஒட்டினவர். பழைய பசையைச் சுரண்டி எடுக்காமப் புதுசு பிடிக்காதாம். நான் ஒட்டினதெல்லாம் அதாலதான் நிக்கேல்லை."

"அப்ப ஏனடா எனக்குத் தெரியாமல்?"

"சொன்னா விடுவியளே? அவற்ற பேரை எடுத்தாலே பாயுறியள்."

சின்னராசா துடுப்பை இறக்கினார். பிடியை மட்டும் விடவில்லை. "சரி, இவர் வெட்டேல்லை எண்டே வைப்பம். அப்ப ஒவ்வொரு சனியும் ஒட்டு எப்பிடி விடுது? தானாவோ?"

பாக்கியரத்தினம் பிளேடின் நுனியை நீட்டினான். பழைய பசை அதில் சர்க்கரைப் பாணிமாதிரி வடிந்தது.

"வெட்டு ஒண்டுமில்லை அண்ணை. பசை கரைஞ்சு போச்சு. ஆரோ கிழமைக்குக் கிழமை எதையோ பூசியிருக்கினம். இன்னும் ரெண்டு கிழமை விட்டா வலப்பக்கமும் சேந்து கழண்டிருக்கும். பிறகு இவனுக்குப் பிடிச்சு மிதக்கவும் ஒண்டுமில்லை."

பிரகலாதன் பிளேடை வாங்கி மணந்து பார்த்தான். முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. அப்பாவின் பக்கம் திரும்பினான்.

சின்னராசாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியே! சொன்னனான் எல்லோ, இது மனுசன் செய்த வேலையெண்டு? பூசின கையை மட்டும் காட்டு, இந்தத் துடுப்பாலயே முறிக்கிறன்!"

"உங்கட கைய ஒருக்கா மணந்து பாருங்கோ, அப்பா."